பூஜையா? பூட்டா?

சில மாதங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு பஞ்சாலையில் ஒரு வாலிபர் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அவருக்கு வயது இருபத்து நான்கு. ஆலையின் சொந்தச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர். கண்டிராக்டர் மூலமாக வந்து, மெயின்டெனன்ஸ் பகுதியில் ஹெல்பர் என்ற பெயரால், வயர்மேன் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்து வந்தவர். ஒரு மோட்டாரின் ஒயரை மாற்றுவதற்காகப் பேனலைத் திறந்து கை வைத்திருக்கிறார். மெயினை நிறுத்தியாகிவிட்டது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நிறுத்தியதும் உண்மைதான். ஆனால் ஷிப்டு மாறிற்று. புதிதாய் வந்த ஆள், மெஷின் ஓடவில்லையே என்று பார்த்து, சுவிட்சு கீழே இருப்பதைக் கண்டு, அதை மேலே தள்ளிவிட்டார். அவ்வளவுதான் சங்கதி.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மை எழுதத் தூண்டிற்று. மறுவாரம் அந்தப் பேனலுக்கு முன்னால் ஹோமம் வளர்த்தார்கள். இடத்தில் தோஷம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நான்கு மூலையிலும் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பேனலின் கதவுக்குச் சந்தனப் பொட்டும் இட்டார்கள். செலவில் பாதி நிர்வாகம் கொடுத்ததாம். மீதிப் பாதியைத் தொழிலாளிகளே தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து கொடுத்தார்களாம். வசூல் செய்தவர்களில் செங்கொடி பிடிக்கிறவரும் உண்டு, நமது கூட்டங்களுக்கு வந்து கைதட்டுகிறவரும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நாம் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது அந்த வாலிபரின் தகப்பனார் ஒரு கேள்வி கேட்டார். எழுத்து வாசனை இல்லாத மனிதர். "மெயினை நிறுத்தியாச்சுன்னு சொன்னாங்களே ஐயா, அப்புறம் அதைப் போட்டது யாருங்க? போட முடியற மாதிரி அதை விட்டுவச்சது யாருங்க?" என்றார். ஹோமம் வளர்த்த புரோகிதருக்கும், அதற்குக் காசு கொடுத்த முதலாளிக்கும், வசூல் செய்த தோழர்களுக்கும் தோன்றாத கேள்வி அந்தப் பெரியவருக்குத் தோன்றிற்று. இந்தத் தலையங்கம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் என்றே வாசகர்கள் கொள்ளலாம்.

முதலில் ஹோமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பேனலுக்கு ஆயுத பூஜை வருஷா வருஷம் தவறாமல் நடந்துதான் வந்திருக்கிறது. பொட்டும் பூவும் பொரியும் குறைவின்றி வைக்கப்பட்டே வந்திருக்கின்றன. இறந்துபோன அந்த வாலிபரே சென்ற பூஜையில் அதற்கு மாலை போட்டவர் என்று சொல்லுகிறார்கள். அப்படியிருக்க, நாம் கேட்பது இதுதான். பேனலுக்குள் ஒரு தேவதை இருக்கிறது என்றால், மாலை போட்ட பக்தனையே அது கொல்லுவானேன்? கொல்லும் சக்தியும் காக்கும் சக்தியும் அதற்கு இல்லை என்றால், மறுபடியும் அதற்கு ஹோமம் எதற்கு? சென்ற பூஜையில் ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்று சொல்வீர்களானால், பூஜையில் நேர்ந்த குறைக்குப் புரோகிதரை அல்லவா தண்டிக்க வேண்டும்? ஹெல்பரை ஏன் தண்டிக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு இதுவரை யாரும் விடை சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். ஏனெனில் விடை தேடுவதற்காக ஹோமம் செய்யப்படுவதில்லை. கேள்வி எழாமல் இருப்பதற்காகவே அது செய்யப்படுகிறது.

"பூஜையும் செய்துகொள்ளுகிறோம், பாதுகாப்பும் பார்த்துக்கொள்ளுகிறோம், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். நஷ்டம் நமக்கல்ல, பேனலுக்குள் கை வைக்கிறவனுக்குத்தான். பூஜை முடிந்தவுடன், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தி மனத்தில் உட்கார்ந்துகொள்ளுகிறது. அந்தத் திருப்திதான் ஆபத்து. அன்றியும் பூஜையின் பேரால் செய்கிற காரியங்களைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பேனலை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டி மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அலங்கார விளக்குக்காகத் தோல் உரிந்த ஒயரைப் பிளக்கு இல்லாமல் ஓட்டையில் சொருகித் தீக்குச்சியால் அடைக்கிறார்கள். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் கற்பூரம் கொளுத்துகிறார்கள். மின்சாரத்தின் பக்கத்தில் எவையெவை கூடாதோ அவை எல்லாம் அன்று ஒரே நாளில் நடக்கின்றன!

நிற்க. மின்சாரம் மனிதனை எப்படிக் கொல்லுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். தெரிந்துகொண்டால் தேவதைக்கு அங்கே வேலை இல்லை என்பது தானே விளங்கும். நமது வீடுகளுக்கும் ஆலையின் விளக்குகளுக்கும் வருவது 230 வோல்ட். ஆலை மோட்டார்களுக்கு மூன்று பேஸில் வருவது 415 வோல்ட். வியர்வையால் நனைந்த கையுள்ள மனிதனுடைய உடம்பு, ஒரு கையிலிருந்து மறு கைக்கோ காலுக்கோ மின்சாரம் பாய்வதற்குக் கொடுக்கும் தடை சுமார் 1,000 ஓம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் கைத் தசைகள் இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட வேண்டும் என்று நினைத்தாலும் கை விடாது. 50, 100 மில்லி ஆம்பியர் ஒரு விநாடி அளவு மார்பின் வழியாகப் பாய்ந்தால் இருதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்குகிற இருதயம் ரத்தத்தைத் தள்ளாது. ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவதற்கு வேண்டியது சுமார் 260 மில்லி ஆம்பியர். ஒரு பல்பு எரியப் போதுமான மின்சாரம் ஒரு மனிதன் அணைந்துபோகவும் போதும் என்று அர்த்தம்.

"பியூஸ் போய்விடுமே, எம்.சி.பி. விழுந்துவிடுமே" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது ஒயர் வெந்துபோகாமல் காப்பதற்காக வைத்தது. மனிதனைக் கொல்லும் கால் ஆம்பியரை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. மனிதனைக் காப்பதற்கென்று வேறு ஒரு சாதனம் இருக்கிறது. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கின்றனவா என்று கணக்குப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைக்கும் நேரத்திற்குள் நிறுத்திவிடும் ஆர்.சி.சி.பி. என்பது அது. கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த சார்லஸ் டால்சியல் என்பவர், எத்தனை மில்லி ஆம்பியரில் மனிதனின் கை விடாமல் போகிறது என்பதைத் தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு அளந்து பார்த்து, 1961-ல் இத்தகைய சாதனத்தை அமைத்தார். அளந்து பார்த்ததால் கிடைத்த பலன் அது. ஆனால் அதுவும் பூமிக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் கண்டுபிடிக்கும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவனை அதனால் காப்பாற்ற முடியாது. ஆகையால் அதை நம்பியும் உயிருள்ள ஒயரில் கை வைப்பதற்கில்லை.

மின்சாரத்திற்குப் பக்தியைக் காட்டிச் செத்தவர்கள் நம் நாட்டில் மாத்திரம் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பாவில் இடி மின்னல் என்பது பிசாசுகளின் வேலை என்றும், மாதாகோவில் மணியை அடித்தால் அவை ஓடிவிடும் என்றும் பாதிரிகள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். மழை இடித்தால் மணியடிப்பவன் கோபுரத்துக்குப் போய் நனைந்த கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஊரிலேயே உயரமான இடம், அதன் உச்சியில் உலோக மணி, அதிலிருந்து தொங்கும் ஈரக் கயிறு, அதன் நுனியில் ஒரு ஏழைக் கூலி! 33 வருஷ காலத்தில் 386 மாதாகோவில் கோபுரங்களில் இடி விழுந்து, 103 மணியடிப்பவர்கள் மாண்டார்கள் என்று 1784-ல் மூனிச் நகரில் வெளியான ஒரு புத்தகம் கணக்குக் கொடுத்தது. இதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே, 1750-களில், பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கிக் கம்பியைச் சொல்லியாகிவிட்டது. ஒரு இரும்புக் கம்பியை நட்டுப் பூமியில் புதைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். கடவுளின் கோபத்தைத் தடுக்க மனிதன் கம்பி நடுவதா என்று தயங்கிக்கொண்டு, மணியடிப்பவனையே மேலும் மேலும் அனுப்பினார்கள். செத்தவர்களில் பாதிரி எத்தனை பேர், மணியடிக்கும் கூலி எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். இன்று அந்தக் கோபுரங்களில் எல்லாம் இடிதாங்கி இருக்கிறது. நமது பெரிய கோவில் கோபுரங்களிலும் இருக்கிறது! கோபுரத்துக் கலசத்திற்குக் கடவுளை நம்பாமல் கம்பியை நம்புகிறவர்கள், ஹெல்பருக்கு மாத்திரம் கம்பியை நம்பாமல் கடவுளை நம்பச் சொல்லுவது என்ன நியாயம்?

ஆனால் வைதீகத்தை மாத்திரம் குறை சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மையாகிவிடும். விதி என்பதற்கு இப்போது ஒரு புதிய பெயர் வந்திருக்கிறது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்பது அந்தப் பெயர். ஒவ்வொரு விபத்து அறிக்கையிலும் இதைக் காணலாம். விதி என்பது புரோகிதன் சொல்லும் வார்த்தை, கவனக்குறைவு என்பது நிர்வாகி சொல்லும் வார்த்தை. இரண்டும் செய்கிற வேலை ஒன்றே. இரண்டும் இறந்தவன் தலையிலேயே காரணத்தை எழுதிவிட்டு, இருக்கிறவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று கட்டை மூடிவிடுகின்றன. மேற்படி ஆலையிலும் அறிக்கை அப்படித்தான் எழுதப்பட்டது. அந்த வாலிபர் என்ன கவனக்குறைவு செய்தார்? மெயினை நிறுத்தாமலா கை வைத்தார்? நிறுத்தித்தானே வைத்தார்! புதிதாய் வந்த ஷிப்டு ஆள்தான் என்ன குற்றம் செய்தார்? மெஷினை ஓட்டுவது அவர் கடமை, ஓட்டினார். சுவிட்சு ஏன் கீழே இருக்கிறது என்று அந்தச் சுவிட்சில் ஒரு துண்டுக் காகிதமாவது எழுதித் தொங்கவிடப்பட்டிருந்ததா? எட்டு மணி நேரம் வேலை செய்து களைத்த ஒரு மனிதனும், அவசரத்தில் உள்ளே வரும் மற்றொரு மனிதனும் எக்காலத்திலும் தவறே செய்யமாட்டார்கள் என்று நினைத்து ஒரு காரியத்தை அமைத்திருந்தால், அமைத்தவனுடையதுதான் கவனக்குறைவு. மனிதன் மறப்பான், அவசரப்படுவான், தப்பாகக் கேட்டுக்கொள்ளுவான். இவை எல்லாம் நடந்தும் ஆள் சாகாமல் இருக்கும்படி செய்வதற்குத்தான் புத்தி என்று பெயர்.

அப்படிச் செய்ய முடியுமா என்றால், முடியும். அதற்கு வேண்டியது ஒரு பூட்டு.

பழைய வயர்மேன்கள் ஒரு காரியம் செய்வார்கள். வேலைக்குப் போகுமுன் பியூஸ் கேரியரைப் பிடுங்கித் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். "என் உயிர் என் பையிலே" என்பார்கள். எவனும் சொல்லிக்கொடுத்த சாஸ்திரம் அல்ல, அனுபவத்தில் பிறந்த பகுத்தறிவு. அந்தக் காரியத்தையே இன்று ஒழுங்கான முறையாக்கி, பூட்டும் சீட்டும் போடும் முறை என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்க சர்க்கார் 1989-ல் இதைத் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய விதியாக்கிற்று. அதே 1989-ல் இங்கிலாந்தில் வந்த விதி இன்னும் ஒருபடி மேலே போய், மின்சாரத்தை நிறுத்த முடியாத நியாயமான காரணம் இருந்தாலொழிய உயிருள்ள கம்பியின் அருகில் ஒருவனை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சொல்லுகிறது.

அந்த முறை வருமாறு. முதலாவது, வேலை செய்ய வேண்டிய இடத்திற்கு எங்கெங்கிருந்தெல்லாம் மின்சாரம் வருகிறது என்று பார்க்க வேண்டும். மெயின் ஒன்றுதான் என்று எண்ணக்கூடாது. தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர் இருக்கலாம், இன்வெர்ட்டர் இருக்கலாம், கூரை மேல் சூரிய மின்தகடு இருக்கலாம், கண்ட்ரோல் ஒயருக்கு வேறு வழியில் மின்சாரம் வரலாம். இரண்டாவது, அவை அனைத்தையும் நிறுத்த வேண்டும். மூன்றாவது, நிறுத்திய சுவிட்சில் வேலை செய்கிறவன் தன் சொந்தப் பூட்டை மாட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டோடு தன் பெயரும் நேரமும் எழுதிய சீட்டும் தொங்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. அதற்கென்றே பல துளைகள் உள்ள இரும்புக் கொண்டி கிடைக்கிறது. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரை சுவிட்சு மேலே போகாது. நான்காவது, மின்சாரம் செத்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். சோதிக்கும் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். கருவி கெட்டிருந்தாலும் "மின்சாரம் இல்லை" என்றுதான் காட்டும் அல்லவா? சட்டைப் பையில் சொருகும் சிறிய நியான் டெஸ்டரை மாத்திரம் நம்பிக் கை வைப்பது, ஜோசியனை நம்பிக் கை வைப்பதற்குச் சற்றுத்தான் மேல். ஐந்தாவது, கெப்பாசிட்டர் முதலியவற்றில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். மெயினை நிறுத்திய பிறகும் அவை சற்று நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இவ்வளவும் ஆன பிறகே கை வைக்கலாம். வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணிப் பார்த்து, பூட்டியவனே வந்து திறக்க வேண்டும். அவனுக்குப் பதில் மேஸ்திரியோ மானேஜரோ திறக்கக்கூடாது.

மேற்படி ஆலையில் அன்று இந்த ஒரு பூட்டு தொங்கியிருந்தால் ஷிப்டு மாறினாலும் ஒன்றும் நேர்ந்திருக்காது. புதிதாய் வந்தவர் சுவிட்சைத் தள்ளிப் பார்த்து, நகராமல் போக, சீட்டைப் படித்து, இன்னார் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, டீ குடிக்கப் போயிருப்பார். ஹோமத்திற்கு ஆன செலவில் அந்த ஆலை முழுவதற்கும் பூட்டு வாங்கிப் போட்டு மீதியும் இருந்திருக்கும் என்று நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

ஆலைக்கு வெளியே கம்பத்தின் மேல் ஏறும் மின்வாரியத் தோழர்கள் விஷயம் இன்னும் கடுமையானது. அங்கே 230 அல்ல, 11,000 வோல்ட். அங்கே பூட்டின் ஸ்தானத்தில் இருப்பது "லைன் கிளியர்." துணைமின் நிலையத்தில் உள்ளவர் பீடரை நிறுத்தி, எழுத்து மூலம் அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததென்று அதை வாங்கினவரே திருப்பிக் கொடுத்த பிறகே மறுபடியும் மின்சாரம் விட வேண்டும் என்பது அதன் தத்துவம். இது செல்போனில் "அண்ணே, போட்டுடலாமா?" "போடு" என்று முடிகிறபோது, எந்தப் பீடரைப் பற்றிப் பேச்சு என்பதில் ஒரு எழுத்துத் தவறினால் ஒரு ஆள் போனான். ஒரே கம்பத்தில் இரண்டு பீடர் போகும் இடத்தில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றில் கை பட்டுச் சாகிறவர்கள் உண்டு. லைனை நிறுத்திய பிறகும், ஏதோ ஒரு வீட்டிலோ கடையிலோ சேஞ்ச் ஓவர் சுவிட்சு இல்லாமல் ஓடும் ஜெனரேட்டரின் மின்சாரம் பின்வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் புகுந்தால், 11,000 வோல்டை 415 ஆகக் குறைக்கிற அதே டிரான்ஸ்பார்மர் 415-ஐ 11,000 ஆக உயர்த்திக் கம்பத்தில் இருப்பவனுக்கு அனுப்பிவைக்கும். இதனால்தான் லைன் கிளியர் வாங்கினாலும், சோதித்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்திற்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்டாமல் கம்பியைத் தொடக்கூடாது என்கிறார்கள். எர்த் ராடு மாட்டியிருந்தால் எங்கிருந்து எவன் மின்சாரம் விட்டாலும் அது பூமிக்குப் போகும், ஆளுக்குள் போகாது. அந்த ராடு பிரிவு அலுவலகத்து மூலையில் கிடந்து துருப்பிடிப்பதும், அலுவலக வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் மாத்திரம் புதிதாகத் தொங்குவதும் எவ்வளவு வெட்கக்கேடு!

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1910-ல் மின்சாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1956-ல் வந்த விதிகளே, கம்பியைத் தொடுமுன் எர்த் செய்து மின்சாரத்தை இறக்க வேண்டும் என்றும், மின்சாரம் தாக்கினவனுக்கு உயிர்கொடுக்கும் முறையைத் தாய்மொழியிலும் அச்சிட்டு மாட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டன. இப்போதுள்ள 2003-ம் வருஷத்துச் சட்டம் விபத்தை அறிவிக்கவும் மின் ஆய்வாளர் விசாரிக்கவும் வழி செய்திருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் செய்து 2023-ல் புதுப்பித்த விதிகள், கையுறை, ரப்பர் பூட்ஸ், இடுப்பு பெல்ட், ஹெல்மெட், எர்த் செய்யும் சாதனம், லைன் டெஸ்டர் ஆகியவற்றை வேலை செய்கிறவனுக்குக் கொடுத்தாக வேண்டும் என்கின்றன. இவ்வளவும் இருந்தும் இந்நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் பேருக்கு மேல் இறந்து வருகிறார்கள் என்று சர்க்காரின் குற்றப் பதிவுக் கணக்கே சொல்லுகிறது. அதில் தொழிலாளிகளும் உண்டு, விவசாயிகளும் உண்டு, குழந்தைகளும் உண்டு. சட்டப் புத்தகத்தையும் பூஜை அறையில் வைத்துப் பொட்டு வைத்துவிட்டார்களோ என்றே நாம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மின்சாரம் ஜாதி பார்ப்பதில்லை. ஆனால் மின்சாரத்தினிடம் யாரை அனுப்புவது என்பதில் நமது சமூகம் நன்றாகப் பார்க்கிறது. கம்பத்தில் ஏறுகிறவன் யார், கீழே நின்று ஏறச் சொல்லுகிறவன் யார், ஏ.சி. அறையில் உட்கார்ந்து "ஒரு மணி நேரத்தில் சப்ளை வர வேண்டும்" என்று உத்தரவு போடுகிறவன் யார் என்று வாசகர்கள் தங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளட்டும். சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவனும், கண்டிராக்ட் ஹெல்பராகப் பேனலில் சாகிறவனும் பெரும்பாலும் ஒரே தெருக்காரனாக இருப்பானேன்? நிரந்தர ஆளுக்கு ஒரு கையுறை, கண்டிராக்ட் ஆளுக்கு வெறுங்கை என்றால், அது நவீன வர்ணாசிரமம் அல்லாமல் வேறென்ன? 1932-ல் பைக்காராவிலும் 1937-ல் மேட்டூரிலும் மின்சாரம் உண்டாக்கப்பட்டபோது, மலையில் விழுந்த தண்ணீரும் மனிதனின் மூளையும் கூலிகளின் கையுமே அதை உண்டாக்கின. அந்த மின்சாரத்தால் கோவைப் பக்கத்து ஆலைகள் பெருகி, முதலாளிகள் பெருகினார்கள். அதைப் பழுது பார்க்கிற கைக்கு ஒரு பூட்டு கொடுக்க முடியாது என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மவர்களில் சிலர், "எனக்குப் பயம் கிடையாது, நான் சுயமரியாதைக்காரன்" என்று சொல்லிக்கொண்டு, மெயினை நிறுத்தாமலே ஒயரைச் சேர்ப்பதையும், கையுறை போடுகிறவனைக் கோழை என்று கேலி செய்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். இது பகுத்தறிவு அல்ல. பேய்க்குப் பயப்படாமல் இருப்பது அறிவு, ஏனென்றால் பேய் இல்லை. 230 வோல்டுக்குப் பயப்படாமல் இருப்பது மடமை, ஏனென்றால் அது இருக்கிறது. இல்லாததற்குப் பயந்து, இருப்பதற்குப் பயப்படாமல் இருப்பவனே மூடன். சாமி இல்லை என்பவனையும் உண்டு என்பவனையும் கம்பி ஒரே மாதிரிதான் பிடிக்கும். "மெயினைப் பூட்டாமல் கை வைக்க மாட்டேன்" என்று மேஸ்திரியின் முகத்துக்கு நேரே சொல்லுகிறவன்தான் உண்மையான சுயமரியாதைக்காரன். அப்படிச் சொன்னவனுக்கு வேலை போகாமல் பார்த்துக்கொள்ளுவதுதான் சங்கம் என்ற ஒன்றுக்கு முதல் வேலை.

மீறி விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளைத் தொடாதீர்கள். முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். வீட்டு மின்சாரமாயிருந்து சுவிட்சு அகப்படாவிட்டால், காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். 11,000 வோல்ட் கம்பியானால் கட்டையும் காப்பாற்றாது. தூரத்தில் நின்று லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். அறுந்து விழுந்த கம்பியின் பக்கத்து மண்ணிலும் மின்சாரம் பரவியிருக்கும். ஆளை விடுவித்ததும் மூச்சு இல்லை, அசைவு இல்லை என்றால், 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, சுமார் இரண்டு அங்குல ஆழம் போகும்படி விடாமல் அழுத்த வேண்டும். நின்ற இருதயத்துக்கு ஒவ்வொரு நிமிஷமும் விலை மதிக்க முடியாதது. சில இடங்களில் மணலிலும் சாணியிலும் புதைத்து வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்று செய்கிறார்கள். மின்சாரம் உடம்பில் தங்குவதே கிடையாது, இறங்க அங்கே ஒன்றும் இல்லை. அழுத்தினால் பிழைக்கக்கூடியவனைப் புதைத்து வைத்துக் கொல்லுகிற காரியம் அது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்ளுவது இவ்வளவுதான். தொழிலாளித் தோழர்களே! அடுத்த ஆயுத பூஜை வரும்போது வசூல் செய்யுங்கள், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வசூலித்த காசைப் புரோகிதர் தட்டில் போடாமல் பூட்டாக மாற்றுங்கள். அன்று விடுமுறையில் மெஷின் எல்லாம் நிற்கும். பேனலை உண்மையாகவே நிறுத்தி, காய்ந்த துணியால் துடைத்து, எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா, கையுறையில் ஓட்டை இருக்கிறதா, பெல்ட்டின் கயிறு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் முறையை ஒருவருக்கொருவர் செய்து காட்டுங்கள். ஒவ்வொரு மெயின்டெனன்ஸ் தோழருக்கும், அவர் நிரந்தரமானாலும் கண்டிராக்டானாலும், பெயர் எழுதிய ஒரு பூட்டும் ஒரு சாவியும் கொடுங்கள். அதன் செலவு நிர்வாகத்தினுடையது. கொடுக்கிற வரையில் கேளுங்கள். கொடுக்கவில்லையானால் பேனலைத் திறக்க மறுங்கள்.

மேலே சொன்ன ஆலையில் அந்தப் பேனல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழம் அழுகிப் பெருக்கித் தள்ளப்பட்டுவிட்டது. இறந்தவரின் இடத்தில் வேறொரு வாலிபர் வேலைக்கு வந்திருக்கிறார். அந்தச் சுவிட்சில் இன்று வரையிலும் பூட்டு இல்லை. "போட முடிகிற மாதிரி அதை விட்டுவைத்தது யார்?" என்று அந்தப் பெரியவர் கேட்டது, இப்போது அந்த ஆலையில் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரையும், லாபம் வாங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்ட கேள்வியாக நிற்கிறது. புதிய வாலிபருக்கும் ஒரு தகப்பனார் இருக்கிறார் என்பதை மாத்திரம் ஞாபகப்படுத்துகிறோம்.